கால்பந்தில் கணக்கில் வராத வேலை

1973-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் எர்ணாகுளத்தில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதிப் போட்டியைப் பற்றித் திருவனந்தபுரத்தில் வயதானவர் யாரைக் கேட்டாலும் சொல்வார். கேரளம் முதன்முறையாகக் கோப்பையை வென்ற நாள் அது. எதிரணி எங்கள் ரயில்வே. கோல் கணக்கு 3-2. கேரளத்தின் மூன்று கோல்களையும் அடித்தவர் அணித் தலைவர் டி.கே.எஸ். மணி. இவ்வளவும் மனப்பாடமாக வரும். "சரி, அன்றைக்கு ரயில்வேக்காரர்களின் பந்தை நடுவழியில் மறித்தவர்கள் யார் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு நின்றுவிடும். ரயில்வே அணி மூன்றாவது கோல் போடாமல் போனதற்கும் யாரோ சிலர் காரணமாக இருந்திருக்க வேண்டுமல்லவா? அந்தப் பெயர்கள் எந்தத் திண்ணையிலும் பேசப்படுவதில்லை.

ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாளையத்தில் சந்திரசேகரன் நாயர் மைதானத்திலும் பல்கலைக்கழக மைதானத்திலும் பந்தாட்டம் நடந்தால் போய் உட்கார்ந்துவிடுவது பழைய வழக்கம். நம் சங்கக் குடும்பங்களில் கல்லூரி அணிகளுக்கு ஆடும் பிள்ளைகள் சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் சங்கக் கூட்டத்தில் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "பையன் நல்லாத்தான் ஆடுறானா, அண்ணாச்சி?" கோல் போடுகிற பையனுடைய அப்பா இதைக் கேட்பதில்லை. கேட்பவர்களின் பிள்ளைகள் எல்லாரும் பந்தைத் துரத்துகிறவர்கள், மறிக்கிறவர்கள். ஆகவே ஒரு கல்லூரி அணி எதிரணியின் பாஸை எவ்வளவு நன்றாகக் கெடுக்கிறது என்பதை எப்படி மதிப்பிடுவது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

பாஸைக் கெடுப்பதில் இரண்டு வேலைகள் உண்டு. பந்தை வைத்திருப்பவருக்கு நேரம் கொடுக்காமல் நெருக்குவது ஒன்று. பந்தை வாங்கக் காத்திருப்பவரை அடைப்பது இன்னொன்று. முதல் வேலையை இப்போது பையன்கள் 'பிரஸ்' என்கிறார்கள். 2024-இல் சூப்பர் லீக் கேரளா தொடங்கி, திருவனந்தபுரம் கொம்பன்ஸ் அணி பாளையத்தில் ஆட ஆரம்பித்த பிறகு இந்தச் சொல் தெருவுக்குத் தெரு கேட்கிறது. இரண்டாவது வேலைக்கு அப்படிக் கவர்ச்சியான பெயர் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பந்து எதிரணி ஸ்டாப்பரின் காலில் இருக்கிறது. நம் ஃபார்வர்டு பையன் அவரை நோக்கி ஓடுகிறான். நேராக ஓடினால் ஸ்டாப்பர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வசதியான பக்கம் தட்டிவிடுவார். கொஞ்சம் வளைந்து, ஒரு பக்கத்து ஆளைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினால், ஸ்டாப்பருக்கு ஒரே ஒரு பக்கம்தான் மிச்சம். அந்தப் பக்கத்தில் நம் விங்கரும் ஹாஃபும் ஏற்கெனவே நகர்ந்திருக்க வேண்டும். நகர்ந்திருந்தால் பந்து நமக்கு, அல்லது கோட்டுக்கு வெளியே. நகரவில்லையென்றால் ஃபார்வர்டு ஓடியது வீண் ஓட்டம்.

இதில் எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நன்றாகத் தட்டிய பந்து தரையோடு நொடிக்கு 15 மீட்டர் அளவில் போகும். கல்லூரிப் பையன் உயிரைக் கொடுத்து ஓடினாலும் நொடிக்கு 7 அல்லது 8 மீட்டர்தான். பந்தைத் துரத்தி யாரும் பிடிக்க முடியாது. பந்து போகப் போகிற இடத்தை இரண்டு நொடி முன்னதாகவே ஊகித்து அங்கே போய் நிற்கத்தான் முடியும். அந்த இரண்டு நொடியை உண்டாக்கிக் கொடுப்பது முன்னால் ஓடுகிறவன். அதைப் பயன்படுத்திக்கொள்வது பின்னால் நிற்கிறவன். ஒருவனுக்கு மட்டும் மார்க் போட்டால் கணக்கு தப்பிவிடும்.

முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவே இருக்கும் தூரமும் இதே காரணத்தால் முக்கியம். மைதானத்தின் நீளம் வழக்கமாக 105 மீட்டர். முன்னால் மூன்று பேர் எதிரணிப் பாதியில் போய் நெருக்க, பின்னால் நான்கு பேர் பயந்துகொண்டு தங்கள் கோலுக்குப் பக்கத்திலேயே நின்றால் நடுவில் 40, 50 மீட்டர் வெட்டவெளி. அதில் எதிரணி ஹாஃப் ஒருவர் நாற்காலி போட்டு உட்காரலாம். 1989-இலும் 1990-இலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இத்தாலியின் மிலான் அணியில் பயிற்சியாளர் அரிகோ சாக்கி, முதல் ஆளுக்கும் கடைசித் தற்காப்பாளருக்கும் இடையே சுமார் 25 மீட்டருக்கு மேல் விடக்கூடாது என்று பழக்கினார். பின்வரிசை அப்படி ஏறி வரத் துணிவது ஆஃப்சைடு விதி இருப்பதால்தான்.

விதி மாற்றங்களும் இந்த வேலையின் மதிப்பைக் கூட்டியிருக்கின்றன. 1992 வரை, நெருக்கடி வந்தால் தற்காப்பாளர் பந்தைத் தன் கோல்கீப்பருக்குத் தட்டிவிடுவார். அவர் கையில் எடுத்துக்கொண்டு சாவகாசமாக நடப்பார். பழைய ரசிகர்களுக்கு அந்தச் சலிப்பு நினைவிருக்கும். அந்த ஆண்டு வந்த விதி, தம் அணிக்காரர் காலால் வேண்டுமென்றே தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்றது. 2019-இல் கோல்கிக்கைப் பெனால்டி எல்லைக்குள்ளேயே தம் ஆளுக்குத் தட்டிக் கொடுக்கலாம் என்றார்கள். இதனால் பல அணிகள் தங்கள் கோல் வாசலிலிருந்தே குட்டிக் குட்டிப் பாஸாக ஆட்டத்தைத் தொடங்குகின்றன. கல்லூரிப் பையன்களும் தொலைக்காட்சியைப் பார்த்து அப்படியே செய்கிறார்கள். நெருக்கத் தெரிந்த அணிக்கு இது அறுவடைக் காலம்.

இந்த மதிப்பீட்டில் எனக்குப் புத்தி தெளிந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், அமெரிக்கப் புட்பாலால். என் மகள் குடும்பம் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் ஊரில் இருக்கிறது. அங்கே பல்கலைக்கழக அணியின் ஆட்டம் பார்க்க 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரும் மைதானம் உண்டு. கல்லூரி ஆட்டத்துக்கு 1 லட்சம் பேர்! பேரன் செல்பேசியில் முகம் பார்த்துப் பேசும்போதெல்லாம் இதைத்தான் பேசுவான். அவர்கள் புட்பால் என்பது கையால் எறிந்து, தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். நம் பந்தாட்டத்துக்கும் அதற்கும் உறவு பெயரளவில்தான். ஆனால் பாஸைக் கெடுக்கும் வேலை இரண்டிலும் ஒரே மாதிரி.

அங்கே பந்தை எறிகிறவர் குவார்ட்டர்பேக். எதிரணியின் 11 பேரில் பெரும்பாலும் நான்கு பேர் அவரை நோக்கிப் பாய்வார்கள். இது பாஸ் ரஷ். மற்ற ஏழு பேர், பந்தைப் பிடிக்க ஓடுகிறவர்களை அடைப்பார்கள். இது பாஸ் டிஃபென்ஸ். எறிகிறவருக்குக் கிடைப்பது இரண்டரை, மூன்று நொடி. எறிவதற்கு முன்பே அவரைக் கீழே தள்ளிவிட்டால் அதற்கு 'சேக்' என்று பெயர். அரங்கமே எழுந்து கத்தும். அந்த நாட்டின் தொழில்முறைப் போட்டிகளில் 1982-இலிருந்தும், கல்லூரிப் போட்டிகளில் 2000-இலிருந்தும்தான் இதை ஆள்வாரியாக அதிகாரபூர்வப் புள்ளிவிவரத்தில் சேர்த்தார்கள். அதற்கு முன் எத்தனை பேர் தள்ளினார்களோ, ஏட்டில் ஏறவில்லை.

பேரன் தன் அணி போன வாரத்தைவிட அதிகமாகச் சேக் எடுத்தது என்று குதித்தான். "எதிரணி எத்தனை தடவை எறியப் பார்த்தது மக்களே?" என்று கேட்டேன். ஒரு பேச்சுக்கு, 50 முயற்சியில் 4 சேக் என்றால் நூற்றுக்கு 8. 25 முயற்சியில் 3 என்றால் நூற்றுக்கு 12. மொத்தத்தைப் பார்த்தால் முதல் அணி மேல். வீதத்தைப் பார்த்தால் இரண்டாவது. பாஸ் டிஃபென்ஸிலும் இதே மயக்கம் உண்டு. ஓர் அணி நிறைய முன்னணியில் இருந்தால் எதிரணி அவசரத்தில் எறிந்துகொண்டே இருக்கும். விட்டுக்கொடுத்த கஜங்களைக் கூட்டினால் ஜெயித்த அணியின் தற்காப்பு ஓட்டை போலத் தோன்றும். ஒரு எறிதலுக்கு எத்தனை கஜம் என்று வகுத்தால்தான் உண்மை தெரியும்.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சேக் ஆகும்போது எறியும் அணி சில கஜங்களை இழக்கிறது. தொழில்முறை ஏட்டில் அந்த நஷ்டத்தைப் பாஸ் கணக்கில் கழிக்கிறார்கள். கல்லூரி ஏட்டிலோ ஓட்டக் கணக்கில் கழிக்கிறார்கள். அதாவது பாஸைக் கெடுத்த நால்வரின் உழைப்பு, ஓட்டத்தைத் தடுத்த பெருமையாகப் பதிவாகிறது. எங்கள் ஸ்டோர்ஸில் ஒரு தலைப்பின் செலவை இன்னொரு தலைப்பில் எழுதினால் ஆடிட்காரர் விடமாட்டார். அங்கே ஆண்டாண்டு காலமாக அப்படித்தான் நடக்கிறது.

அவர்கள் பேச்சில் ஒரு நல்ல சொல்லும் இருக்கிறது. சில சேக்குகள் பாய்ந்தவரின் பலத்தால் வருவதில்லை. எறியலாம் என்று பார்த்தால் எல்லாரும் அடைபட்டிருப்பார்கள். குவார்ட்டர்பேக் பந்தை வைத்துக்கொண்டு விழிப்பார். அதற்குள் ஆள் வந்து தள்ளிவிடும். இதற்குக் 'கவரேஜ் சேக்' என்று பெயர். ஏட்டில் பெயர் தள்ளியவருக்கு. வேலை செய்தது பின்னால் அடைத்தவர்கள்.

இனி நம் மைதானத்துக்கு வருவோம். நம் ஆட்டத்தில் ஃபார்வர்டு போய் ஸ்டாப்பர் காலிலிருந்து பந்தைப் பறித்தால் கைதட்டுகிறோம். ஸ்டாப்பர் ஏன் அவ்வளவு நேரம் பந்தைக் காலில் வைத்திருந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. பத்து மீட்டர் தள்ளி நம் ஹாஃப் ஒருவன் பந்து வாங்க வேண்டியவரை ஒட்டிக்கொண்டு நின்றதால்தான் வைத்திருந்தார். அந்த ஹாஃப் பந்தைத் தொடவே இல்லை. ஆட்டம் முடிந்து பார்த்தால் அவன் ஜெர்சியில் சேறுகூட இருக்காது.

எங்கள் தொழிலில் ஒரு பாடம் உண்டு. தண்டவாளத்தை வண்டி இல்லாதபோது அளந்தால் மட்டம் சரியாகவே இருக்கும். ஸ்லீப்பருக்கு அடியில் ஜல்லி விலகி வெற்றிடம் இருந்தால் அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. வண்டி ஏறும்போது அந்த இடம் அமுங்கும். பாரத்தோடு அளந்தால்தான் நிஜம். தற்காப்பும் அப்படித்தான். முன்வரிசை நன்றாக நெருக்கும் நாளில், கண்ணை மூடிக்கொண்டு உதைத்த பந்துகள்தான் பின்வரிசைக்கு வரும், யாரும் தடுத்துவிடலாம். முன்வரிசை களைத்த பிறகு நிதானமாகக் கணித்துக் கொடுத்த பாஸ் வருமே, அப்போது பின்வரிசையை அளக்க வேண்டும்.

பெரிய போட்டிகளில் இதற்கு ஓர் அளவை வைத்திருக்கிறார்கள். பி.பி.டி.ஏ. என்பார்கள். 2014-இல் காலின் டிரெய்னர் என்பவர் முன்வைத்தது. தற்காக்கும் அணியின் பக்கத்திலுள்ள 40 விழுக்காட்டை விட்டுவிட்டு, மீதி 60 விழுக்காடு மைதானத்தில் எதிரணி கொடுத்த பாஸ்களை எண்ணுகிறார்கள். அதே பகுதியில் நம் அணி செய்த டாக்கிள், தோற்றுப்போன டாக்கிள், குறுக்கே வெட்டியது, பௌல் எல்லாவற்றையும் கூட்டி அதனால் வகுக்கிறார்கள். 200 பாஸுக்கு 10 தடுப்பு என்றால் 20. 120 பாஸுக்கு 15 தடுப்பு என்றால் 8. எண் குறைந்தால் நெருக்குதல் அதிகம். நல்ல அளவைதான். ஆனால் நெருக்கியதைச் சொல்லுமே தவிர, அதனால் பலன் வந்ததா என்று சொல்லாது. பந்தைத் தொடாமல் அடைத்து நின்ற ஹாஃப் இதிலும் விட்டுப்போகிறான்.

கல்லூரி மேட்சில் பதினாறு கேமராவா வைக்கப்போகிறார்கள்? நான் ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வேன். எதிரணி தன் பாதியில் பந்தைக் கையகப்படுத்தி ஆட்டத்தைத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. பந்து வைத்திருந்தவரை நாம் நெருக்கினோமா, இல்லையா என்பது முதல் கட்டம். பந்து என்ன ஆயிற்று என்பது இரண்டாவது: நமக்குக் கிடைத்ததா, பின்னால் திருப்பினார்களா, கோட்டுக்கு வெளியே போயிற்றா, கண்மூடித்தனமாக நீளமாக உதைத்தார்களா, அல்லது எங்கள் நெருக்கலை உடைத்துக்கொண்டு முன்னேறிவிட்டார்களா. கடைசிக் கட்டத்தில் ஜெர்சி எண்கள். முதலில் ஓடியவர் எண்ணோடு, அடைத்து நின்றவர்கள் எண்ணையும் எழுத வேண்டும். இந்தக் கட்டம் இல்லாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் பாதிதான்.

இப்படி எழுதியதை வைத்து என்ன பார்க்கலாம் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டுகிறேன். எதிரணி 50 தடவை ஆட்டத்தைத் தொடங்கியதாக வைத்துக்கொள்வோம். 24 தடவை நெருக்கினோம். அதில் 7 தடவைதான் அவர்கள் முன்னேறினார்கள். 26 தடவை நெருக்கவில்லை. அதில் 20 தடவை முன்னேறினார்கள். இந்த அணியின் உயிர் முன்வரிசையில் இருக்கிறது. அது ஓடாத நேரத்தில் பின்வரிசை தாங்காது. இன்னோர் அணியில் நெருக்காத 26-இல் 11 தடவைதான் முன்னேறினார்கள் என்றால், பின்வரிசை சொந்தக் காலில் நிற்கிறது. நெருக்கிய 24-இலேயே 14 தடவை முன்னேறிவிட்டார்கள் என்றால், முன்னால் ஓடுவது ஒழுங்கில்லாத ஓட்டம். ஒருவன் ஓட, மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். மூன்று அணிகளும் அன்றைக்கு 1-0 என்று ஜெயித்திருக்கலாம். பத்திரிகையில் மூன்றும் ஒரே செய்திதான்.

சில விஷயங்களைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளாவிட்டால் கணக்கு ஏமாற்றும். முதலாவது, நேரம். நான் 15 நிமிடத்துக்கு ஒரு கோடு கிழித்துக்கொள்வேன். நெருக்கி ஆடுவது உடம்பைத் தின்னும் வேலை. திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டத்தில் முதல் அரை மணி நேரம் சிங்கம் போல் ஓடிய முன்வரிசை, 60-ஆவது நிமிடத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கும். கல்லூரிப் போட்டிகளில் அடுத்தடுத்த நாளே ஆட வைப்பதும் உண்டு. மூன்றாவது நாள் கணக்கை முதல் நாள் கணக்கோடு ஒப்பிட்டு, பையன் சோம்பேறி என்று முடிவு கட்டுவது அநியாயம்.

அடுத்தது மழை. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. தரை லேசாக நனைந்திருந்தால் பந்து சறுக்கி வேகமாகப் போகும், நெருக்குகிறவனுக்குச் சிரமம். தண்ணீர் தேங்கி நின்றால் தரைப் பாஸ் நடுவழியில் நின்றுவிடும்; நெருக்குகிறவனுக்குக் கொண்டாட்டம். ஆனால் எதிரணி புத்திசாலியாக இருந்தால் தரைப் பாஸையே விட்டுவிட்டுத் தூக்கி உதைக்கத் தொடங்கிவிடும். அப்போது மேட்ச் முழுவதும் ஸ்டாப்பர்களின் தலையில்தான்.

கோல் நிலவரத்தையும் எழுத வேண்டும். 2-0 முன்னணியில் இருக்கும் அணி பின்வாங்கி நிற்பது இயல்பு. அதை நெருக்கத் தெரியாத அணி என்று சொல்லக்கூடாது. எதிரணியின் தரமும் அப்படியே. பந்தை இரண்டு தடவை சேர்ந்தாற்போல் தட்டத் தெரியாத அணியிடமிருந்து பந்தைப் பறிப்பதில் என்ன வீரம்? அதே எதிரணி மற்றக் கல்லூரிகளோடு ஆடும்போது எவ்வளவு முன்னேறியது என்று பார்த்து, அதோடு நம் கணக்கை ஒப்பிட வேண்டும். ஆகவே நம் பிள்ளை ஆடாத மேட்சையும் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னால் அப்பாமார்கள் முகம் சுருங்குகிறது.

சிறந்த அணிகளில் இந்த இரண்டு வேலையும் எப்படிப் பொருந்தி வரும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் இருந்தது. 1990-இலும் 1991-இலும் ஃபெடரேஷன் கோப்பையை அடுத்தடுத்து வென்ற கேரள போலீஸ் அணி. ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன் என்று முன்வரிசைப் பெயர்கள் இன்றும் வாயில் வரும். பின்வரிசையில் வி.பி. சத்யன் நின்றார். தற்காப்பாளர் ஒருவரை மக்கள் இன்றுவரை நினைவு வைத்திருப்பது அபூர்வம். இந்திய அணிக்கும் அவர் தலைவராக இருந்தார், 2018-இல் அவரைப் பற்றித் திரைப்படமும் வந்தது என்பதால் அவர் பெயர் நின்றது. அவரைச் சுற்றி மறித்து ஆடிய மற்றவர்களில் எத்தனை பேரை நம்மால் சொல்ல முடியும்?

இந்தக் கணக்கு வீட்டுக் கவலையாக மாறும் இடம் ஒன்று உண்டு. நம் மாவட்டத்தின் தென்கோடியில் பொழியூர், அதைத் தாண்டினால் குமரி மாவட்டத்துத் தூத்தூர் கடற்கரை. அந்த மணலில் பந்து உதைத்து வளர்ந்த பிள்ளைகள் பலர் கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் சந்தோஷ் கோப்பையில் ஆடியிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் பந்து, பொழுதுபோக்குடன் நிற்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம், பிறகு பல்கலைக்கழக அணி, அகில இந்திய அளவில் பல்கலைக்கழகங்கள் மோதும் சர் அஷுதோஷ் முகர்ஜி கோப்பை, அதிலிருந்து போலீஸ், ரயில்வே, வங்கி என்று ஏதாவது ஒரு வேலை. ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஒரு தேர்வு நடக்கும்.

அந்தத் தேர்வு பெரும்பாலும் எப்படி நடக்கிறது? ஒருவரோடொருவர் ஆடிப் பழகாத 22 பையன்களை இரண்டு அணியாகப் பிரித்து அரை மணி நேரம் ஆடவிடுவார்கள். ஒவ்வொருவனும் தன்னைக் காட்டியாக வேண்டும். நாலு பேரை ஏமாற்றி ஓடுகிறவன் தெரிவான். கோல் போட்டவன் தெரிவான். நெருக்குதலோ கூட்டு வேலை. பக்கத்தில் இருப்பவன் நகராவிட்டால் ஓடுகிறவன் முட்டாள் போலத் தோன்றுவான். புத்தியுள்ள பையன் ஓடாமல் நின்றுவிடுவான். அவனைச் சோம்பேறி என்று எழுதிவிடுவார்கள். அந்த அரை மணி நேரத்தில் அவன் தேர்ச்சி பெற வழியே இல்லை.

எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு குடும்பத்துப் பையன் அப்படித்தான். ஊர் குமரிக் கடற்கரை. அப்பாவுக்கு இங்கே மீன் வியாபாரம். பையன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, வலது விங்கர். ஒரு தேர்வில் கழித்துவிட்டார்கள். "விங்கர்னு சொல்றான், வருஷம் முழுக்க ஒரு கோலு. இதுக்கு வள்ளத்துல ஏத்தியிருந்தா நாலு காசாவது கெடைச்சிருக்கும் அண்ணே" என்று அப்பா வாசலில் நின்று சொன்னார். பையன் உள்ளே இருந்தான், கேட்காமல் இருந்திருக்காது.

அவன் ஆடிய நான்கு மேட்சுகளுக்குப் போய் உட்கார்ந்து எழுதினேன். அவன் களத்தில் இருந்த நேரத்தில் எதிரணி அவன் பக்கத்து வழியாக ஆட்டத்தைத் தொடங்குவதையே கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டது. இரண்டாம் பாதியில் மறுபக்கமாகவே போனார்கள். ஆகவே கடைசிக் கட்டத்தில் அவன் எண் மேட்ச் முடிய முடியக் குறைந்துகொண்டே வந்தது. டாக்கிள் எண்ணுகிறவர் ஏட்டில் அவன் இரண்டாம் பாதியில் வேலையே செய்யவில்லை. மழைக்கால இரவில் லாந்தரும் கையுமாகத் தண்டவாளத்தில் நடக்கும் பேட்ரோல்மேனை நான் நினைத்துக்கொண்டேன். பாறசாலை, குழித்துறைப் பக்கம் எத்தனையோ இரவு அவர்களைப் பார்த்திருக்கிறேன். காலையில் டைரியில் அவர் எழுதுவது ஒரே வார்த்தை: "சரி."

நோட்டைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு வாங்கினார். பிறகு சிரிப்பு நின்று, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாரே, இவன் எடமாறி எடது பக்கம் ஆடினா எப்படி இருக்கும்னு எழுதித் தர முடியுமா?" என்று கேட்டார். அடுத்த மேட்சில் அப்படியே ஆடவிட்டார். பல்கலைக்கழகப் பட்டியல் இதை எழுதும் நாள் வரை வரவில்லை. அப்பாவுக்கு நோட்டைக் காட்டினேன். எண்களில் அவருக்கு நம்பிக்கை வந்ததாகத் தெரியவில்லை. ஆனால் இப்போது மேட்சுக்கு வருகிறார். அவன் பந்தில்லாமல் ஓடும்போது "போ மக்களே, போ" என்று சத்தம் போடுகிறார்.

செய்து பார்க்க விரும்பும் பெற்றோருக்குச் சில உபயோகமான குறிப்புகள். கோல் போஸ்டுக்குப் பின்னால் உட்காராதீர்கள். அங்கிருந்து வரிசைகளுக்கு நடுவே உள்ள தூரம் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே உட்காருங்கள். பேனா வேண்டாம், மழையில் அழியும். பென்சில் போதும், நெருக்கியதற்கும் நெருக்காததற்கும் இரண்டு நிறம் இருந்தால் நல்லது. முதல் மேட்சில் பாதியைத்தான் எழுத முடியும். அதற்காக விட்டுவிட வேண்டாம். ஓர் ஆளால் பந்தையும் பார்த்து, பந்தில்லாதவர்களையும் பார்க்க முடியாது என்பதால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். எனக்கு என் மனைவி. பந்தாட்ட விதி ஒன்றும் அவளுக்குத் தெரியாது. தெரியாததே வசதி, பந்து பின்னால் கண் போகாது. பிளாஸ்க்கில் டீயோடு பக்கத்தில் உட்கார்ந்து, "ஏழு ஓடுறான்... பதினாலு கூடப் போறான்... ஏழு நின்னுட்டான்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். நான் எழுதிக்கொள்வேன்.